ஷார்ஜாவில் பெண் எலிகளுக்குத் தனி அறை

ஷார்ஜா விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். "எலி பார்க்க" என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்கள் விடைத்து நின்ற என் வயிற்றைப் பார்த்தார். வேவு பார்க்க வந்தவனுக்கு இப்படி ஒரு தொப்பை இருக்காது என்று முடிவு செய்திருக்க வேண்டும். முத்திரை குத்திவிட்டார்.

அவர் ஏமாந்துவிட்டார். நான் வேவு பார்க்கத்தான் போயிருந்தேன்.

படிப்பால் நான் கால்நடை மருத்துவன். வேலையோ சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது. விலங்குக்கூடம் என்றால் சிங்கம் புலி இல்லை, முழுக்க வெள்ளெலி. இருபத்திரண்டு வருடமாக அவற்றுக்குச் சோறு, தண்ணீர், படுக்கை, கல்யாணம், கருமாதி எல்லாம் என் பொறுப்பு. என் மச்சான் இன்னும் சொந்தக்காரர்களிடம் "மாமா மாட்டு டாக்டர்" என்றுதான் சொல்லி வருகிறான். கௌரவத்துக்காகச் சொல்கிறான், நானும் திருத்துவதில்லை.

எங்கள் கூடத்தில் வானதி என்று ஓர் ஆராய்ச்சியாளர். வளர்ச்சிக் காரணி என்று சில புரதங்கள் உண்டு. உடம்பு தானே தயாரித்து, எந்தச் செல் வளர வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பும் தூதர்கள். அதில் ஒன்று கொழுப்பிடம் போய், "சேர்த்து வைத்தது போதும், எரித்துச் சூடாக்கு" என்று சொல்லும். வானதி அதை எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தாள். ஆண் எலிகளுக்கு வயிற்றுக் கொழுப்பு கரைந்தது. பெண் எலிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரே மருந்து, ஒரே தீனி, ஆணுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு வேறு கதை. மூன்று வருட உழைப்பு. கட்டுரையைப் பரிசீலித்த இதழ்க்காரர்கள், இன்னொரு கூடத்திலும் இதே முடிவு வந்தால் வெளியிடலாம் என்றார்கள். கட்டுரை வெளிவந்தால்தான் வானதிக்கு வேலை நிரந்தரம்.

அந்த இன்னொரு கூடம்தான் ஷார்ஜாவில். அங்கே செய்து பார்த்தார்கள். ஆணுக்கும் கரைந்தது, பெண்ணுக்கும் கரைந்தது. வித்தியாசமே இல்லை.

"அவங்க எங்கயோ சொதப்பிட்டாங்க சார். நீங்க போய்ப் பார்த்தாதான் தெரியும்," என்றாள் வானதி.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆண் எது பெண் எது என்று பார்க்கத் தெரியாமல் கலந்து வைத்திருக்கிறார்கள். எலிக்குட்டியின் வாலைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. அதில் நான் கில்லாடி. இருபத்திரண்டு வருடத்தில் நான் தேர்ச்சி பெற்ற ஒரே கலை.

தங்க இடம் அஜ்மானில். அங்கே எல்லாமே ஷார்ஜாவைவிட மலிவு என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். ஏன் மலிவு என்று யோசித்தபடியே போர்வையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். தொழில் புத்தி.

மறுநாள் காலை பஸ். முன்பக்கம் ஆறேழு இருக்கைகள் காலி. பின்பக்கம் ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். காலி இடத்தை விட்டு எதற்கு நிற்கிறார்கள், சீட்டில் ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மலையாளிப் பெண், "சேட்டா, இது பெண்களுக்கான இடம்," என்று மெதுவாகச் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாய்! பீச்சே!" என்று இந்தியில் பின்னால் போகச் சொன்னார். அதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. சென்னை பஸ்ஸில் பெண்களுக்கு இடது பக்கம் என்றால் இங்கே முன்பக்கம். நான் தொப்பையை இழுத்துக்கொண்டு பின்னால் போய் மற்றவர்களோடு வெந்தேன். முன்னால் இரண்டே இரண்டு பெண்கள், ஏசிக் காற்றுக்குத் துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் களேபரத்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. திரும்பி ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது என் கொழுப்பில் கொஞ்சம் எந்த ஊசியும் இல்லாமலே கரைந்திருந்தது.

கூடத்தின் தலைவி டாக்டர் ரேவதி, கோயம்புத்தூர்க்காரர். வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, டீ குடிச்சிட்டுப் பேசிக்கலாங்க," என்றார். தப்பு செய்தவர்கள்தான் வந்தவுடன் டீ கொடுப்பார்கள் என்று குறித்துக்கொண்டேன். டீ கெட்டியாக, ஏலக்காய் போட்டு, நன்றாக இருந்தது. அது இன்னும் மோசம்.

எலிகளைப் பார்த்துக்கொள்பவர் சேகர். அறந்தாங்கிப் பக்கம். வளைகுடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். கட்டட வேலை, கிடங்கு வேலை எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் எலிக்கு வந்தவர். என் வயதுதான், ஆனால் தொப்பை இல்லை. என்னைக் கண்டதும் கையில் இருந்த எதையோ சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

இவர்தான், என்று எனக்குள் மணி அடித்தது.

கவுன், தொப்பி, முகமூடி மாட்டி உள்ளே கூட்டிப்போனார். அடுக்கடுக்காகக் கூண்டுகள். ஒரு கூண்டுக்கு ஓர் எலி, கூண்டில் ஓர் அட்டை. அந்தப் பக்கம் இருபது ஆண், இந்தப் பக்கம் இருபது பெண். எங்கள் ஊரில் பெண் எலிகள் ஐந்தைந்தாக ஒரே கூண்டில் நெருக்கிக் கிடக்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி வில்லா. பணக்கார ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒவ்வொண்ணா எடுங்க. வாலைத் தூக்கிப் பார்க்கணும்."

"நாப்பதுமா சார்?"

"நாப்பதும்."

ஒன்றரை மணி நேரம் வால் தூக்கினேன். சேகர் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நாற்பதும் அட்டையில் எழுதியபடியே இருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. கடைசி எலி என் கையுறையில் சிறுநீர் கழித்தது. மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்று சொல்வது போல இருந்தது.

சாயங்காலம் வானதி போனில் கேட்டாள். "என்ன சார், கலந்துட்டாங்களா?"

"இல்லம்மா. ஆனா நெருங்கிட்டேன். ஒருத்தர் மேல சந்தேகம் இருக்கு."

இரண்டாம் நாள் தராசைச் சோதித்தேன், சரி. மருந்துக் குப்பிகளின் லேபிளைப் பார்த்தேன், சரி. தீனி மூட்டையைப் பிரித்து ஓர் உருண்டையை நானே கடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் எலித் தீனியைப் போலவேதான் இருந்தது. இரண்டையும் தின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மிச்சம் சேகரின் பாக்கெட். சாப்பாட்டு நேரத்தில் அவர் வெளியே போனார். பத்தடி தள்ளி நானும் போனேன். முகமூடியைக் கழற்ற மறந்துவிட்டதால் வழியில் இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். சேகர் கட்டடத்துக்குப் பின்னால் நிழலில் குந்தி, பாக்கெட்டில் இருந்து அதை எடுத்தார். பிஸ்கட். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று முன்னால் போய் நின்றேன்.

"இதை எலிக்குப் போடுறீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குச் சக்கரை இருக்கு சார். ஊசி போட்டுக்கிறேன். திடீர்னு கொறைஞ்சா மயக்கம் வரும். அதுக்குத்தான் இது." பாதியை உடைத்து நீட்டினார். "சாப்புடுங்க. எலிக்கெல்லாம் போட மாட்டேன் சார். உள்ள கேமரா இருக்கு."

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேமராவைப் பற்றி அவர் எதற்காகச் சொன்னார் என்று பிஸ்கட்டைத் தின்றுகொண்டே யோசித்தேன்.

"நாளைக்கு லீவு சார். ஓட்டல்ல தனியா என்ன பண்ணப் போறீங்க? நம்ம ரூமுக்கு வாங்க. மீன் கொழம்பு வைக்கிறோம்," என்றார்.

ஒரு துப்பறிவாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. மீன் குழம்பு என்பதற்காக ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான்.

அறை அஜ்மானில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: படுக்கை இடம் உண்டு, பேச்சுலர் மட்டும். இந்த ஊரில் பொண்டாட்டி ஊரில் இருக்கும் ஆம்பளையும் பேச்சுலர்தான். மூன்று பிள்ளை பெற்றவரும், பேரன் எடுத்தவரும் பேச்சுலர். குடும்பத்தோடு இருந்தால் ஃபேமிலி. மனித இனத்தில் இங்கே வேறு வகை கிடையாது.

உள்ளே நான்கு இரட்டைக் கட்டில்கள், மேலும் கீழும் எட்டுப் படுக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நான் உள்ளே போனதும் மனதுக்குள் எண்ணினேன்: நான்கு அடுக்கு, அடுக்குக்கு இரண்டு. கூண்டுகளை எண்ணும் பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு அறையில் நான்கு பேர்தான். மற்ற நான்கு பேர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். தரையில் பேப்பர் விரித்துச் சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மணி என்ற சாரக்கட்டுத் தொழிலாளி கீழ்க்கட்டிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, போர்வையும் போர்த்தியபடி உட்கார்ந்து சாப்பிட்டான். காய்ச்சலோ, எனக்கும் ஒட்டுமோ என்று நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"சேகரண்ணே, ஏசியை இருபத்தாறுல வைங்கண்ணே. கொல்லுது," என்றான் மணி.

"இப்ப இருபத்திநாலுடா. போன மாசம் இதே ரூம்ல இருபதுல வச்சும் சட்டையைக் கழட்டிட்டு விசிறிக்கிட்டுக் கெடந்தவன்தானே நீ?"

"அப்ப எட்டு பேரு இருந்தோம்ல. ஆளு சூடு இருந்துச்சு. இப்பப் பாதிப் பேரு போய்ட்டானுவ. ஏசி காத்து முழுக்க என் மேலயே விழுது."

"சோறு ரெண்டு கை சேத்துத் தின்னு. சூடு தானா வரும்."

"அதான் மூணாவது வாட்டி போட்டுக்கறேன். தொப்பை வந்துச்சா பாருங்க? எல்லாம் குளிருக்கே எரிஞ்சு போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. நெத்திலியின் தலை விரலுக்கிடையே அப்படியே நின்றது.

எலி அறை எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. கோட் போட்ட மனிதர்களுக்கு அது சுகம். எலிக்குக் குளிர். எலிக்கு முப்பது டிகிரி வேண்டும். ஐந்து எலியை ஒரே கூண்டில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்து, பஞ்சுப் பந்து போலச் சுருண்டு சூடேற்றிக்கொள்ளும். தனியாகப் போட்டால் உடம்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடேற வேண்டும். அந்த நேரத்தில் "எரி" என்று சொல்லும் ஊசியைப் போட்டால் அது நன்றாக எரியும். ஏற்கெனவே கதகதப்பாக இருக்கும் எலியிடம் போய் "எரி" என்று சொன்னால் அது எதற்காகக் கேட்கப் போகிறது?

எங்கள் ஊரில் ஆண் எலிகளைத் தனித்தனியாக வைப்போம். சேர்த்து வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண் எலிகள் சண்டை போடாது, ஆகவே ஐந்தைந்தாக வைப்போம். கூண்டும் மிச்சம், கழுவுகிற வேலையும் மிச்சம். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்.

வானதி மூன்று வருடமாகப் பார்த்தது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசமா, தனிக் கட்டைக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசமா?

"என்ன சார், முள்ளு குத்திருச்சா?" என்றார் சேகர்.

"சேகர், அங்க பொம்பளை எலிங்களை ஏன் தனித்தனியாப் போட்டீங்க?"

அவர் கையை வழித்து நக்கிவிட்டு யோசித்தார். "நீங்க அனுப்புன பேப்பர்ல ஆம்பளை எலி தனித்தனி கூண்டுன்னு போட்டிருந்துச்சு. பொம்பளை எலிக்கு ஒண்ணுமே போடல. ஊசி ஒண்ணு, தீனி ஒண்ணு, அப்ப கூண்டும் அதே மாதிரிதானே இருக்கணும்? அப்படியே வச்சுட்டேன். ஏன் சார், தப்பா?"

மணி போர்வைக்குள்ளிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பொம்பளை எலிக்கு ஷார்ஜால தனி ரூமா? எனக்கு ஒரு கூண்டு இருந்தாச் சொல்லுங்கண்ணே."

மறுநாள் காலை டாக்டர் ரேவதியின் அறையில் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். எங்கள் கூடத்திலிருந்து போன செய்முறை. ஆண் எலி: தனிக் கூண்டு. பெண் எலி: வெற்றிடம். கீழே தயாரித்தவர் பெயர் இருந்தது. என் பெயர். பெண் எலி ஐந்தைந்தாக இருக்கும் என்பது எனக்குச் சுவாசம் மாதிரி. சுவாசிக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

ரேவதிக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, "ஒண்ணு சொல்லட்டுங்களா? ஷார்ஜாக்காரங்க கூண்டை வேற மாதிரி வச்சிருந்தாங்க, அதனால அவங்க முடிவு செல்லாதுன்னு நீங்க எழுதிக்கலாங்க. அது பொய்யும் இல்லீங்க. உங்க கட்டுரை தப்பிச்சுக்கும்," என்றார்.

என்னைச் சோதிக்கிறாரா, நிஜமாகவே விட்டுக்கொடுக்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நான்கு நாளில் முதல்முறையாக என் சந்தேகம் என் பக்கமே திரும்பியது. அந்த வரியை எழுதிவிட்டு எப்படிச் சிரித்த முகத்தோடு ஊருக்குப் போவது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையில் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே. வானதிக்கு வேலை நிரந்தரமாகும். எனக்குப் பாராட்டு வரும். சேகருக்குக் கெட்ட பெயர் வரும் என்பதும் தெரிந்தது. இன்னும் நாலைந்து வருடத்தில் வேறு எவனாவது பெண் எலிகளைத் தனியாக வைத்து அதே ஊசியைப் போடுவான். அன்றைக்குத் தப்பு என்று தெரியப்போகிற எங்கள் கட்டுரையில் இருக்கப்போவது வானதியின் பெயர்.

எலி அறை வாசலில் நின்று வானதிக்குப் போன் செய்தேன். சேகர் பக்கத்தில் கூண்டு மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அவங்க நம்ம முறையை ஃபாலோ பண்ணல. அவ்வளவுதானே சார்?" என்றாள். குரலில் ஒரு நிம்மதி.

"இல்லம்மா. அவங்க வச்சதுதான் சரி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்காங்க. நாமதான் ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு வச்சுட்டோம். நாம இல்ல, நான்."

லைன் போய்விட்டதா என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மூணு வருஷம் சார்," என்றாள்.

எனக்கு எந்த இடத்திலும் ஏதாவது ஒரு ஜோக் வரும். சாவு வீட்டில்கூட வந்து அடி வாங்கியிருக்கிறேன். அப்போது வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். கூண்டு வேற வேறன்னு."

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா."

"எனக்குத் தெரியும். தினமும் பார்த்தேன். அதான் கோபமா வருது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அவர்கிட்ட குடுங்க," என்றாள்.

போனைச் சேகரிடம் கொடுத்தேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "சொல்லுங்க மேடம்... ஆமா மேடம்... மொத நாள்லேர்ந்தே தனித்தனிதான்... படுக்கைக்கு மரத்தூள் மட்டும்தான், பஞ்சு வைக்கல... மூலையில சுருண்டு கெடக்கும் மேடம், ரெண்டுமே. ஆம்பளை கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சுச் சுத்தும். பொம்பளை தீனியை எடுத்துப் பக்கத்துல வச்சுக்கும். நான் நோட்ல எழுதி வச்சிருக்கேன். அனுப்பவா? தமிழ்லதான் இருக்கு, பரவால்லையா?"

பத்து நிமிடம் பேசினார்கள். என்னிடம் திரும்பி வந்தபோது வானதியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "சார், நம்மகிட்ட காலிக் கூண்டு எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

"இருபது வேணும். மிச்சத்தை நான் இன்னிக்கே பக்கத்து லேப்ல கேட்டு வாங்குறேன். பொம்பளை எலிங்களைத் தனித்தனியாப் போட்டுத் திருப்பி ஆரம்பிக்கிறேன். வித்தியாசம் இருந்தா இருக்கட்டும், இல்லன்னா இல்ல. நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அறிக்கையை எழுதினேன். ஷார்ஜா கூடத்தில் தவறு எதுவும் இல்லை. சென்னையிலிருந்து அனுப்பிய செய்முறையில் பெண் எலிகளின் கூண்டு விவரம் விடுபட்டது. விடுபட்டதற்குப் பொறுப்பு என்று எழுதி என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து எனக்கே சந்தேகமாக இருந்தது.

சேகர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சார், இதுல என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல சேகர். பயப்படாதீங்க. எங்கயும் போடல."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"போடுங்க சார். ரெண்டையும் ஒரே மாதிரி வச்சது நான்தானே?"